ஓரி வீட்டு ஒரம்பரை

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு இரண்டே திசைகள்தான். ஒன்று காவிரி. மேட்டூரிலோ, மோகனூரிலோ, பரமத்தி வேலூரிலோ ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு, புது மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, கட்டுச்சோறு என்று நாளைக் கழிப்பவர்கள் ஒரு பக்கம். இன்னொன்று கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்கு அங்கே அரசு விழா. ஆடி 17, 18, அதாவது ஆகஸ்ட் 2, 3 வாக்கில். வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் இதற்காக உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. லீவு கிடைத்தால் நம்ம ஆள் வீட்டில் இருப்பாரா?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, நாடகத்துக்கு, ஏன், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். விழாவுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ‘பொதுமக்கள் குவிந்தனர்’, ‘சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்’ என்று இரண்டு தலைப்புகளோடு கதை முடிந்துவிடுகிறது. குவிந்தார்கள், சரி. குவிந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? குவியப்பட்ட மலைக்கு என்ன கிடைத்தது? இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

விமர்சனம் என்றால் அளவுகோல் வேண்டுமே. அது எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொங்குப் பக்கம் விருந்தாளியை ‘ஒரம்பரை’ என்பார்கள். ஒரம்பரை வந்தால் வீட்டுக்காரர் வாயில் மூன்று வார்த்தைகள் தானாக வரும்: “வாங்க... உக்காருங்க... தண்ணி குடிங்க.” குடிசையோ மாடி வீடோ, இந்த மூன்றும் மாறாது. அதற்கப்புறம்தான் வந்த காரியம், ஊர்ப் பேச்சு எல்லாம். இந்த மூன்று கேள்விகளையும் கொல்லிமலை விழாவிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்த ஒரு வருடம், நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து கிளம்பினேன். காலையில் போய் இரவு திரும்பும் திட்டம். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு சுகமாகப் போனோம். காரவள்ளிதான் அடிவாரம். அங்கிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கே 20தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை. சாதாரண நாளில் குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். அன்றைக்கு எண்ணும் வேலை ரொம்ப சுலபமாக இருந்தது, ஒரு நம்பரைப் பார்த்தால் அடுத்த நம்பருக்கு அரைமணி அவகாசம் கிடைத்தது. எதிரே இறங்கும் பஸ் வளைவில் திரும்ப வேண்டும் என்றால், ஏறுகிற இருபது வண்டிகள் பின்னால் நகர வேண்டும். இருபதாவது வண்டிக்காரருக்கு அது தெரியாது. அவர் ஹாரன் அடிப்பார்.

முதல் வார்த்தை: ‘வாங்க’. இதில் குறை சொல்ல முடியாது. ஃபிளெக்ஸ் பேனர்களில் வருக வருக என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அழைப்பில் குறையே இல்லை. எத்தனை பேரை அழைக்கலாம் என்ற யோசனைதான் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கொல்லிமலையில் வாழ்பவர்கள் சுமார் நாற்பதாயிரம் பேர். ஒரு வீட்டில் நாலு பேர் இருக்கும்போது நாற்பது பேர் வந்து நின்றால், வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன பண்ணுவார்?

இரண்டாவது: ‘உக்காருங்க’. செம்மேட்டில் வண்டியை நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போயிற்று. ஓரி சிலைப் பக்கம் போனால் தலைகள்தான் தெரிந்தன. மலர்க் கண்காட்சியில் பூக்களுக்கு முன்னால் செல்ஃபிக்காரர்கள், செல்ஃபிக்காரர்களுக்குப் பின்னால் வரிசை, வரிசைக்குப் பின்னால் நாங்கள். வில்வித்தை பார்க்கலாம் என்று போனால், கூட்டத்தின் முதுகு மட்டும் பார்க்கக் கிடைத்தது. அம்பு பட்டதா படவில்லையா என்பதைக் கைதட்டலை வைத்து ஊகித்தோம். நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயது. அவர் கடைசியில் உட்கார்ந்த இடம், பூட்டிய ஒரு கடையின் படிக்கட்டு.

மூன்றாவது: ‘தண்ணி குடிங்க’. நண்பரின் மனைவி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. “ஏனுங்க அண்ணி, வெயில் இல்லைன்னாலும் தாகம் எடுக்குமே?” என்றேன். “எடுக்காதுன்னு யாருங்க சொன்னா? குடிச்சா அப்புறம் எங்கீங்க போறது?” என்றார். அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சுற்றிப் பார்த்தேன். ஆண்கள் தாராளமாகக் குடித்துக்கொண்டு, தாராளமாக மரத்தடிக்குப் போய்க்கொண்டு இருந்தார்கள். பெண்கள் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்கள், திறக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் முதலில் சுருங்கிப்போவது பெண்களின் விழாதான். நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி கிடையாது.

மதியம் பசி. மலைக்கு வந்திருக்கிறோம், சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ கிடைக்கும் என்று ஆசை. கிடைத்தது என்ன தெரியுமா? காளான் சில்லி, டெல்லி அப்பளம், தட்டுவடை செட்! தட்டுவடை செட் சேலத்துக்காரனின் தெருமுனைச் சொத்து. அதை மாலை ஆறு மணிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்துபோய்ச் சாப்பிடுகிறவன் நான். 70 வளைவு ஏறி வந்து அதையே சாப்பிட்டேன். வெங்காயம் கொஞ்சம் கம்மி.

இனி யாருக்காக இந்த விழாவோ அந்த ஆளைப் பற்றி. ஓரியை வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் இரண்டு பாட்டில் பாடியிருக்கிறார், 152-ம் 153-ம். முதல் பாட்டில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் வீழ்த்திய வேட்டைக்காரன் வருகிறான். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் நடப்பதுதான் விஷயமே. காட்டில் அவனைப் பார்த்த பாணர் கூட்டம், இவன் யாரோ பெரிய ஆள் போலிருக்கிறதே, ஓரியாகத்தான் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இசைக்கருவிகளை எடுத்து அவன் முன்னால் பாடுகிறார்கள். அரசன் என்ற சொல் பாட்டில் வந்ததும் அவன் என்ன செய்கிறான்? வெட்கப்படுகிறான்! மேற்கொண்டு புகழவும் விடாமல், கேட்கவும் விடாமல், தான் வேட்டையாடிய இறைச்சியைச் சமைத்துக் கொடுக்கிறான். உருக்கிய நெய் மாதிரி இருக்கும் கள்ளைக் கொடுக்கிறான். பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். காட்டு நடுவில், மேடை இல்லாமல், மைக் இல்லாமல்.

இரண்டாவது பாட்டு இன்னும் சுவாரசியம். ஓரியைப் பார்க்கப் போன கூத்தர்கள் பரிசு வாங்கி, பசி தீர்ந்து, ஆடவும் முடியாமல் பாடவும் மறந்துபோனார்களாம். வயிறு நிறைந்ததுதான் காரணம் என்கிறார் புலவர். விருந்தாளிக்கு வந்த வேலையே மறந்துபோகிறது. விருந்தோம்பலுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் என்ன இருக்க முடியும்?

இதையும் நம் ஊர் அரசு விழாக்களின் பொதுவான அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நடுநடுவே பொன்னாடை, கடைசியில் நன்றியுரை. எந்த மாவட்டம், எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் அச்சு ஒன்றுதான். தன்னைப் புகழ்ந்தால் வெட்கப்பட்ட ஒரு மனிதனுக்கு, புகழுரையே பிரதானமாக இருக்கும் ஒரு வடிவத்தில் விழா எடுப்பது என்ன பொருத்தம்? இன்னொரு வேடிக்கை. வந்தவர்களுக்குக் கள் கொடுத்து உபசரித்தவன் பெயரில் நடக்கும் விழாவுக்காக, மலையிலுள்ள மதுக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த ஆண்டுகளும் உண்டு. அந்த உத்தரவில் தப்பே இல்லை, அந்த வளைவுகளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் கீழேயிருந்து டிக்கியில் ஏறி வரும் பாட்டிலை எந்த உத்தரவு தடுக்கும்? ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில், அருவி எது என்று தெரிவதற்கு முன்பே கண்ணாடிச் சில்லுகள் தெரிந்தன. ஓரி கொடுத்த கள்ளுக்குக் கூடவே சோறும் மரியாதையும் இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது?

‘கூட்டம் வந்தால் அப்படித்தான், உலகம் பூராவும் இதே கதைதான்’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். உலகத்திலேயே பெரிய குடி விழா எது? ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தின் அக்டோபர்ஃபெஸ்ட். 1810-ல் பவேரியா இளவரசர் லூத்விக்கின் கல்யாணத்துக்கு எடுத்த கொண்டாட்டம், இன்றைக்கும் தொடர்கிறது. 2023-ல் 18 நாட்களில் 72 லட்சம் பேர் வந்தார்கள். 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை, கூட்டம் தாங்காமல் மைதானத்தையே சில மணி நேரம் மூட வேண்டி வந்தது. அந்த நாட்டில் வேலை பார்க்கும் நண்பரின் மகன் ஒரு நாள் பயணமாக அங்கே போய்வந்து சொன்னது: “அங்கிள், பீரை விட முதுகைத்தான் ஜாஸ்தி பார்த்தேன்.” எனக்கு நம்ம செம்மேடு ஞாபகம் வந்தது.

ஆனால் அந்த விழாவில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பெரிய கூடாரங்களுக்குள் உட்கார இடம் கிடைத்தவருக்குத்தான் பரிமாறுவார்கள். முதலில் ‘உக்காருங்க’, அப்புறம்தான் கிளாஸ். இடம் நிரம்பிவிட்டால் கூடாரத்தின் கதவு சாத்தப்படும். வெளியே நிற்பவருக்கு ஏமாற்றம்தான், உள்ளே இருப்பவராவது விருந்தாளியாக இருக்கிறார். இரண்டு, அங்கே ஓடுகிற பீர் அந்த ஊர் பீர். ம்யூனிக்கின் ஆறு மதுவாலைகள் மட்டுமே அங்கே விற்கலாம், வேறு ஊர்ச் சரக்குக்கு இடமில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, போனவன் அந்த ஊரின் ருசியோடு திரும்புகிறான். நாங்கள் கொல்லிமலையிலிருந்து சேலத்து ருசியோடு திரும்பினோம்.

கொல்லிமலைக்குச் சொந்தச் சரக்கு இல்லையா? மிளகு இருக்கிறது, காப்பி இருக்கிறது, பலா, அன்னாசி, மலைவாழை, தேன் இருக்கிறது. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த மண். அந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே மலையாளி பழங்குடி மக்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. ஏன் காப்பாற்ற வேண்டி வந்தது? காரணத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆத்தூர், ராசிபுரம், சேலம் வட்டாரத்து சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும். கிழங்கு காசு கொடுத்தது, தினை கொடுக்கவில்லை. வயல் மாறியது, வயலோடு சேர்ந்து தட்டும் மாறியது. மலைக்காரர் கிழங்கைக் கீழே அனுப்பிவிட்டு ரேஷன் அரிசியைச் சாப்பிடுகிறார். நாம் கீழே டாக்டர் சொன்னார் என்று சூப்பர் மார்க்கெட்டில் தினை வாங்குகிறோம்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்பதுதான். மலைக்கும் சமவெளிக்கும் ஒரு பேரேடு போட்டுப் பாருங்கள். கீழே இறங்குவது மிளகு, காப்பி, பலா, கிழங்கு, தண்ணீர். மேலே ஏறுவது விழா அன்றைக்கு நாம், நம் கார்கள், நம் பாட்டில்கள், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் கவர்கள். ‘இத்தனை பேர் வந்தார்கள்’ என்பது ஒரு பக்கத்துக் கணக்கு மட்டுமே. எந்த ஆடிட்டரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார்.

மிளகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விழா நடந்த இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ரோட்டோரம் சாக்கை விரித்து ஒரு பாட்டி மிளகு விற்றுக்கொண்டிருந்தார். “உள்ள போய் உக்காரலாமுல்லங்க?” என்று கேட்டேன். “உள்ள போனா யாரு சாமி நம்மளப் பாக்கறாங்க? எல்லாம் பூப் பாக்கத்தான வர்றாங்க” என்றார். பக்கத்தில் ஒருவர் அவரிடம் கால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி மல்லுக்கட்டினார். வண்டி நிறுத்தக் கேட்ட காசை அவர் வாய் திறக்காமல் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். அதே மிளகுக்காக நம் ஊர்ப் பெண்கள் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். மலையிலேயே, விளைந்த இடத்திலேயே, அதற்கு ஒரு சாக்கு அகலம்தான் இடம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விழா வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. இந்த விழா இல்லையென்றால் ஓரி என்ற பெயர் தமிழ் ஐயா வகுப்போடு போயிருக்கும். அந்த இரண்டு நாளில் மருத்துவ முகாம் நடக்கிறது, அரசுத் துறைகள் அரங்கு போடுகின்றன. மலைப்பிள்ளைகள் வில்லை எடுத்து நிற்கும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் கம்பீரத்தைக் கூட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தபோதே எனக்குச் சிலிர்த்தது. அதை முழுசாகப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் புகார்.

“கூட்டமில்லாத திருவிழா ஒரு திருவிழாவாங்க?” என்று திரும்பும்போது நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் ஊரில் கூடாத கூட்டமா? ஆனால் அங்கே வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. அத்தை வீடு, சம்பந்தி வீடு, கூடப் படித்தவன் வீடு. கூட்டத்தில் இடிபட்டாலும் மதியம் யாரோ ஒருவர் இலை போட்டு “உக்காருங்க மாமா” என்பார். நூறு வீடுகள் சேர்ந்து அந்தக் கூட்டத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. கொல்லிமலை விழாவில் வீடுகள் இல்லை, மைதானம் மட்டும் இருக்கிறது. மைதானத்துக்கு ஒரம்பரையைத் தெரியாது.

மலையில் வீடு இல்லாமலா? வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று பதினான்கு நாடுகள் இருக்கின்றன. ‘நாடு’ என்றுதான் அவர்கள் ஊராட்சிக்கே பெயர். விழாவை அந்த நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன? ஆடிப் பதினெட்டில் ஓரிக்கு மரியாதையும் வில்வித்தையும் இருக்கட்டும். பலாக் காலத்தில் ஒரு நாடு, மிளகு அறுவடையில் ஒரு நாடு, தினை அறுக்கும்போது ஒரு நாடு விருந்து வைக்கட்டும். அந்தந்த நாட்டுப் பெண்கள் சமைத்து, அவர்களே விலை சொல்லி, அவர்களே காசை வாங்கிக்கொள்ளட்டும். எத்தனை பேருக்குச் சமைக்க முடியுமோ அத்தனை பேருக்கு டோக்கன்.

‘எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா?’ ஒத்துக்கொண்டார்களே! சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பே வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. இரண்டு நாள் விழாவுக்குக் கார்களைக் காரவள்ளியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே பஸ் விட்டால் 70 வளைவுகளும் மூச்சு விடும். இது நம் சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலைக்காரர்களுக்குக் கீழேதான். அன்றைக்குச் சாயங்காலம் முப்பதாவது வளைவில் நாங்கள் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்களுக்கு வீட்டுக்குப் போகத் தாமதம், அவ்வளவுதான். பிரசவ வலியோடு ஒருத்தி அந்த வரிசையில் நின்றிருந்தால்? நமக்குச் சுற்றுலாச் சாலையாக இருப்பது அவர்களுக்கு ஒரே வாசல்படி. முள்ளுக்குறிச்சி வழி இன்னொன்று இருந்தாலும், விழா நாளில் அதிலும் நாம்தான் ஏறுகிறோம்.

ஓரியின் கதை சோகமாகத்தான் முடிந்தது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அந்த மலை மேல் அன்றைக்கே ஒரு கண். அன்றைக்குப் படையோடு ஏறினார்கள். இன்றைக்குக் குடும்பத்தோடு ஏறுகிறோம். ஏறுகிறவர் படையா, ஒரம்பரையா என்பதை ஏறுகிறவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. வாசலில் நின்று “வாங்க” என்று சொல்ல வேண்டியவர் மலைக்காரர். அந்த வார்த்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, பேனரைச் சுருட்டி வைக்கலாம்.

அடுத்த ஆடியில் விழா முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் வேறு மூன்று கணக்குக் கேளுங்கள். எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? எத்தனை பெண்கள் தைரியமாகத் தண்ணீர் குடித்தார்கள்? பாட்டியின் சாக்கில் மிளகு எவ்வளவு மிச்சம்?